ஆக்லாந்து டைரி – 17: என் வீணைக்கு என்ன விலை?

போன பதிவுல மௌன்ட் ராஸ்கில் மாமிகிட்ட வீணை வாங்கின கதையைப் பாதியில விட்டிருந்தேன். மீதி எங்கேன்னு ரெண்டு மூணு பேர் கேட்டீங்க. அசைன்மென்ட், பார்ட் டைம் வேலை, நடுவுல ஒரு வாரம் ஜுரம். இப்பத்தான் உட்கார நேரம் கிடைச்சுது.

முதல்ல முன்கதைச் சுருக்கம். மாமி 1994-ல ஆக்லாந்து வந்தவங்க. இப்ப வீட்டைக் காலி பண்ணிட்டு மெல்போர்ன்ல பெண் வீட்டுக்குப் போறாங்க. அங்கே அவங்களுக்கு ஒரே ஒரு ரூம்தான். 1979-ல அவங்க அப்பா தஞ்சாவூர்ல வாங்கிக் கொடுத்த வீணை. "யாராவது வாசிக்கறவா எடுத்துண்டா தேவலை"ன்னு கோயில்ல சொல்லிட்டிருந்தப்போ, பத்தாம் வகுப்போட வீணையை மூட்டை கட்டின நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்காம "நான் கத்துக்கிட்டிருக்கேன் மாமி"ன்னு சொல்லிட்டேன். 900 டாலர். அதுவும் மூணு தவணையில. என்னோட மூணு வார வாடகை அது. சூடு ஆறுறதுக்குள்ள ஃபிளாட்டுக்குக் கொண்டு வந்து கட்டில் பக்கத்துல சாத்தி வெச்சப்புறம்தான் பயமே வந்துச்சு. ஒரு ஃபிளாட்ல அஞ்சு பேர். வர்ற போற நண்பர்கள் கணக்கு தனி. கதவைப் பூட்டுற பழக்கம் யாருக்கும் கிடையாது.

மாமியும் கிளம்பறப்போ ஒண்ணு சொல்லி வயித்தைக் கலக்கிட்டாங்க. 2023 ஜனவரி 27. ஆக்லாந்துல இருந்தவங்க யாரும் மறக்க மாட்டாங்க. எல்டன் ஜான் கச்சேரியையே கடைசி நேரத்துல ரத்து பண்ணின, விமான நிலையத்துக்குள்ள தண்ணி புகுந்த, நாலு பேர் செத்துப்போன அந்த வெள்ளிக்கிழமை. நான் அப்போ கும்பகோணத்துல இருந்தேன். மாமி வீட்டுக் கூடத்துல முழங்கால் தண்ணி. முதல்ல வீணையைத் தூக்கி சாப்பாட்டு மேஜை மேல வெச்சாங்களாம். அப்புறம்தான் பாஸ்போர்ட்டைத் தேடினாங்களாம். "கார்ப்பெட், சோஃபா, ஃப்ரிட்ஜ் எல்லாத்துக்கும் இன்சூரன்ஸ் குடுத்தான்டா கண்ணா. வீணை நனைஞ்சிருந்தா என்ன குடுத்திருப்பான்னு இன்னி வரைக்கும் தெரியாது. லிஸ்ட்லயே போடலை நான்"ன்னாங்க.

சரி, நாம போட்டுடலாம்னு கிளம்பினேன்.

இங்கே வெளிநாட்டு மாணவர்னா மெடிக்கல், டிராவல் இன்சூரன்ஸ் கட்டாயம். அதுல "உடைமைகள்"னு ஒரு வரி இருக்கும். அது போதும்னு நினைச்சேன். எழுத்துக்கூட்டிப் படிச்சா ஒரு பொருளுக்கு இவ்வளவுதான்னு ஒரு வரம்பு, பழசாயிட்டா அதிலேயும் கழிவு. பழைய லேப்டாப்புக்கு சரி, 1979 வீணைக்கு எங்கே போறது? வீட்டுச் சொந்தக்காரரோட இன்சூரன்ஸ் நம்ம சாமானைத் தொடாது. ஆக, தனியா ஒரு கன்டென்ட்ஸ் பாலிசி எடுத்து, அதுல வீணையைப் பெயர் சொல்லிச் சேர்க்கணும். போன் போட்டேன். கம்பெனி பேர் வேண்டாம், பாவம் அந்தப் பொண்ணு ரொம்ப மரியாதையாத்தான் பேசினா.

"என்ன வாத்தியம்?"

"வீணை."

"ஒயினா?"

"வீ...ணை."

"சரி. மேக்கர் பேரு? மாடல்? சீரியல் நம்பர்?"

ஙே. தஞ்சாவூர் ஆசாரி என்ன, வீணைக்கு இன்ஜின் நம்பரா அடிச்சு வெச்சிருக்கார்? கடைசியில அவளோட கம்ப்யூட்டர்ல "கிட்டார் - இதர வகை"ன்னு ஏத்திக்கிட்டா. சரஸ்வதி மன்னிக்கணும். ரசீது இருக்கான்னா, இல்லை. அப்போ மதிப்பீட்டுக் கடிதம் ஒண்ணு வேணும்னு சொல்லிட்டா.

வயலின்னா பிரச்சினையே இல்லை. டவுன்ல பழைய வயலின் பழுது பார்க்கிற ஒரு பெரியவர் இருக்கார். அவர்கிட்ட வீணையோட போட்டோவைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். யாளி முகத்தைப் பார்த்து சிரிச்சார். "இதை நான் விலை சொன்னா அது பொய்"னு சொல்லிட்டு, காபி கொடுத்து வயலின் கதையா எடுத்து விட்டார். உள்ளே ஸ்ட்ராடிவாரியஸ்னு லேபிள் ஒட்டின வயலினைத் தூக்கிட்டு மாசத்துக்கு ஒருத்தராவது வந்துடுவாங்களாம், வீடு வாங்கற கனவோட. ஜெர்மனியில மார்க்நாய்கிர்ஹென்னு ஒரு ஊரு. அங்கேயும் சுத்துப்பட்டிலேயும் நூறு, நூத்தைம்பது வருஷம் முன்னாடி ஆயிரக்கணக்கில் வயலின் செஞ்சு, இந்த லேபிளை ஒட்டித்தான் அனுப்பினாங்களாம். ஏமாத்தணும்னு கூட இல்லை, "இந்த மாடல்"னு சொல்றதுக்கு. 1890-ல அமெரிக்கா கொண்டு வந்த ஒரு சுங்கச் சட்டத்துக்கு அப்புறம் செஞ்ச நாட்டோட பேரையும் போடணும்னு ஆச்சு. அதனால லேபிள்ல ஜெர்மனின்னு இருந்தாலே அது கிரெமோனாக்காரர் செஞ்சதில்லைன்னு குழந்தைக்குக் கூடத் தெரிஞ்சுடும். வயலினுக்கு அந்த மாதிரி நூறு அடையாளம், ஏல விலைப் பட்டியல், புத்தகம் எல்லாம் இருக்கு. நம்ம வீணைக்கு ஒண்ணும் கிடையாது. பழைய வீணைக்குச் சந்தைன்னு ஒண்ணு தஞ்சாவூர்லயே பெருசா இல்லை, ஆக்லாந்துல எங்கே இருக்கப் போகுது.

அவர் சொன்ன இன்னொரு கதையையும் சொல்லிடறேன், இன்சூரன்ஸ்னா என்னன்னு எனக்குப் புரிஞ்சது அதுலதான். 1936-ல நியூயார்க் கார்னகி ஹால்ல ஹூபர்மான்ங்கிற பெரிய வித்வான் கச்சேரி பண்ணிட்டிருக்கார். பின்னாடி அறையில இருந்த அவரோட 1713-ஆம் வருஷத்து ஸ்ட்ராடிவாரியஸை எவனோ லவட்டிட்டான். லாயிட்ஸ் அவருக்கு 30,000 டாலர் கொடுத்துச்சு. ஹூபர்மான் 1947-ல போய்ச் சேர்ந்தார். அம்பது வருஷம் கழிச்சு, ஜூலியன் ஆல்ட்மான்னு ஒரு வயலின்காரர் சாகக் கிடக்கிறப்போ பொண்டாட்டிகிட்ட உண்மையைச் சொல்றார். ஷூ பாலிஷ் பூசி அடையாளத்தை மறைச்சு அத்தனை வருஷமா வாசிச்சிட்டிருந்திருக்கார் மனுஷன்! 1987-ல அந்த அம்மா வயலினைத் திருப்பிக் கொடுத்தது யார்கிட்டங்கறீங்க? லாயிட்ஸ்கிட்ட. பணம் கொடுத்த அன்னிக்கே அது அவங்களோட சொத்தாயிடுச்சு. கண்டுபிடிச்சுக் கொடுத்ததுக்கு அந்த அம்மாவுக்கு சன்மானமும் கிடைச்சுது. கைமாறி இப்ப அது ஜோஷுவா பெல்கிட்ட இருக்கு, 2001-லேருந்து.

அதாவது இன்சூரன்ஸ்காரன் நம்ம பொருளைக் காப்பாத்தறதில்லை. பொருள் போனா அதோட விலையைத் தர்றான், அவ்வளவுதான். அப்போ அந்த விலை எது?

பெரியவர்தான் பென்சிலை எடுத்துப் போட்டுக் காட்டினார். நான் கொடுத்த 900 ஒரு விலை. அது மாமி மனசு வெச்ச விலை, சந்தை விலை இல்லை. இன்னிக்கு நான் இதை வித்தா என்ன கிடைக்கும்ங்கிறது இன்னொண்ணு. பாலிசியில இன்டெம்னிட்டி வேல்யூன்னு போட்டிருந்தா அதைத்தான் தருவாங்க. ஆக்லாந்துல நாலு பேருக்குக்கூட வேண்டாத பொருள்னா அது முந்நூறாகூட இருக்கலாம். மூணாவது, இது தொலைஞ்சு போனா இதே மாதிரி ஒண்ணை என் ரூமுக்குள்ள கொண்டு வந்து வைக்க என்ன ஆகும்? அதான் ரீப்ளேஸ்மென்ட் வேல்யூ. "உன் பாலிசி எதைத் தருதுன்னு எழுத்துல வாங்கு. பழைய சாமானுக்கு மட்டும் இன்டெம்னிட்டின்னு பொடி எழுத்துல போட்டிருப்பான்"னார். போய்ப் பார்த்தேன். போட்டிருந்தான்! பெயர் சொல்லித் தொகையோட சேர்த்த பொருளுக்கு மட்டும்தான் புதுசு வாங்கற செலவு.

சரி, கணக்கு. தஞ்சாவூர்ல என் சித்தப்பா பையன் மூலமா ஒரு கடையில கேட்டேன். "ஏகாந்த வீணை, பெரியவா வாசிக்கிற சைஸ்" 90,000 ரூபாய்னு ஒரு கொட்டேஷன் வாட்ஸப்புல வந்துச்சு. தெரியாதவங்களுக்கு: குடம், தண்டி, யாளி முகம் மூணையும் ஒரே பலா மரத்துல குடைஞ்சு எடுத்தா ஏகாந்த வீணை. தனித்தனியா செஞ்சு சேர்த்தா ஒட்டு வீணை. பண்ருட்டிப் பக்கத்து பலா மரம்தான் பேர் போனது. மாமி வீணை ஏகாந்தம்னு மாமியே நூறு தடவை சொல்லியிருக்காங்க. அப்பா நிலத்தை ஒத்தி வெச்சு வாங்கினதாம்.

90,000 ரூபாய்னா ஏறக்குறைய 1,800 நியூசிலாந்து டாலர். மரப்பெட்டி 160. அப்புறம்தான் அடி. வீணை என்னமோ எட்டு கிலோதான். ஆனா ஏர் கார்கோவுல பெரிய பெட்டிக்கு எடையைப் பார்க்க மாட்டாங்க, அடைக்கிற இடத்தைப் பார்ப்பாங்க. நீளம், அகலம், உயரம் சென்டிமீட்டர்ல பெருக்கி 6,000-ஆல வகுக்கணும். 140, 45, 45. நாப்பத்தேழு கிலோன்னு கணக்கு வரும்! எனக்குச் சொன்ன கூலி 1,150 டாலர். எல்லாத்துக்கும் மேல 15 சதம் ஜிஎஸ்டி. மரச்சாமான்ங்கிறதால பூச்சி இருக்கான்னு சோதனை, அதுக்கும் சுங்கத்துக்கும் சேர்த்து ஒரு நூத்தைம்பது. கூட்டினா 3,700-ஐத் தாண்டுது. 900-க்கு வாங்கினதைத் திரும்ப வாங்க நாலு மடங்கு.

(கையிலேயே கொண்டு வந்தா என்னன்னு கேப்பீங்க. அதுவும் மாமி கதைதான், கீழே வருது.)

கொட்டேஷன் இருக்கு, ஆனா கொட்டேஷன் மதிப்பீடு ஆகாதே. அதனால அந்தக் கடை ஆசாரியையே வீடியோ கால்ல பிடிச்சேன். எழுபது வயசிருக்கும். கண்ணாடியைக் கழட்டிட்டு போனை மூக்குக்கிட்ட வெச்சுக்கிட்டார். "திருப்புங்க தம்பி. குடத்துக்கு அடியில டார்ச் அடிங்க. தண்டி சேர்ற இடத்துல அந்தப் பட்டை லேசா தூக்கிட்டிருக்கு பாருங்க, அங்க கிட்டக்க காட்டுங்க." காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"தம்பி, இது ஒட்டு."

குடத்துல ஓடுற ரேகையும் தண்டியில ஓடுற ரேகையும் வேற வேற. ஒரே மரமா இருந்தா ரேகை ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு வழிஞ்சு போகும். அவர் சொன்னப்புறம் எனக்கே பளிச்சுனு தெரிஞ்சுது. நாப்பத்தஞ்சு வருஷமா அந்தப் பட்டைக்கு அடியில ஒளிஞ்சிட்டிருந்திருக்கு.

அடுத்த கேள்வி: "யாளிக்குக் கீழ தண்டி முறிஞ்சு வேலை பார்த்திருக்கே, யார் பார்த்தது? நம்ம பக்கத்து வேலை இல்லையே. ஆனா கெட்டியா இருக்கு."

அது 1994 கதை. மாமி இந்த வீணையைப் பெட்டியில போட்டு விமானத்துல செக்-இன் பண்ணிக் கொண்டு வந்தாங்க. பெட்டி வந்துச்சு, உள்ளே தண்டி ரெண்டு துண்டு. நஷ்ட ஈடு கேட்டப்போ பெட்டியை எடை போட்டாங்களாம். 1929-ஆம் வருஷத்து வார்சா ஒப்பந்தம்தான் அப்போ சட்டம். கிலோவுக்கு சுமார் 20 அமெரிக்க டாலர். "உருளைக்கிழங்கு மாதிரி நிறுத்துக் குடுத்தான்டா"ன்னு மாமி இன்னும் சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போவாங்க. கிடைச்ச காசுல பக்கத்து வீட்டுல படகு கட்டற ஒரு வெள்ளைக்காரத் தச்சர் ஒட்டிக் கொடுத்தார். காசு வாங்கிக்கலை. நாலு இட்லி சாப்பிட்டார். இப்போ மாண்ட்ரியல் ஒப்பந்தம். கிலோக் கணக்கு போயி ஆளுக்கு இவ்வளவுன்னு ஆயிடுச்சு. 2024 டிசம்பர் 28-லேருந்து 1,519 எஸ்.டி.ஆர்., நம்ம காசுல மூவாயிரத்துச் சொச்சம் டாலர், உங்க எல்லாப் பெட்டிக்கும் சேர்த்து. அதுக்கு மேல பெறும்னா செக்-இன்லயே மதிப்பைச் சொல்லித் தனியாக் கட்டணம் கட்டணும். யாரும் செய்யறதில்லை. இன்னொண்ணு, இங்கே இறங்கறப்போ மரச்சாமான்னு கார்டுல எழுதணும். எழுதாம மாட்டினா 400 டாலர் தண்டம். ரொம்பப் பழைய வீணையில யானைத் தந்த வேலைப்பாடு இருந்துச்சுன்னா பர்மிட் இல்லாம எல்லையைத் தாண்டவே கூடாது. நல்லவேளை, மாமி வீணையில இருக்கிறது பிளாஸ்டிக்.

விஷயத்துக்கு வரேன். இது மாதிரி புது ஒட்டு வீணை 48,000 ரூபாய்னு ஆசாரி சொன்னார். கணக்கைத் திரும்பப் போட்டா 2,800-க்கு ஒரு முப்பது நாப்பது குறைவு. ஆயிரம் டாலர் இறங்கிப் போச்சு.

ஆனா என் கையில 90,000 ரூபாய் கொட்டேஷன் இருக்கு. ஆக்லாந்துல ஒட்டுக்கும் ஏகாந்தத்துக்கும் வித்தியாசம் தெரிஞ்ச இன்சூரன்ஸ் ஆபீசர் பொறந்திருக்க மாட்டார். ரூம்மேட் பஞ்சாபி, "போட்றா, எவன் கேக்கப் போறான்"னு ரொம்ப உற்சாகமா சொன்னான். பொய் சொல்ல மாட்டேன், ஒரு ராத்திரி முழுக்க யோசிச்சேன். ஃபீஸ் கட்டின வருஷத்துல ஆயிரம் டாலர் ரொம்பப் பெரிசா தெரியும்.

யோசிச்சப்போ ஒண்ணு புரிஞ்சுது, நியாயம் தர்மம் எல்லாம் அப்புறம். நான் 3,700-க்குப் போட்டாலும் அவன் 3,700 தர மாட்டான். க்ளெய்ம் வந்தாத்தான் ஆளை விட்டுத் துருவுவான். என்ன போச்சோ அதை ஈடு கட்டறதுதான் அவன் வேலை. போனது ஒட்டு வீணைன்னா ஒட்டு வீணைக்குத்தான் காசு. கூடுதல் பிரீமியம் கட்டினது நமக்கு நாமம். தெரிஞ்சே தப்பாச் சொன்னதுன்னு கண்டுபிடிச்சா பாலிசியையே செல்லாதுன்னு சொல்லிடலாம். அப்போ லேப்டாப், சைக்கிள் எல்லாத்துக்கும் சேர்த்துப் பட்டை. அடுத்த கம்பெனியில "முன்னாடி எவனாவது பாலிசியை ரத்து பண்ணியிருக்கானா"ன்னு கேக்கிற கட்டத்துல ஆமாம்னு எழுதணும்.

ஆசாரிகிட்டேயே லெட்டர் பேடுல எழுதி வாங்கினேன். ஒட்டு வீணை, பலா மரம், 24 மெட்டு, தண்டியில பழைய முறிவு பழுது பார்த்தது, புதுசு இன்ன விலை, தேதி, கையெழுத்து. 500 ரூபாய் ஜிபேயில அனுப்பினேன். முப்பத்திரண்டு போட்டோ எடுத்தேன், யாளியோட மூக்கு உட்பட. கம்பெனிக்காரி ரெண்டு நாள் யோசிச்சுட்டு, பழுது பார்த்ததுன்னு குறிப்போட 2,800-க்கு ஒத்துக்கிட்டா. வருஷத்துக்கு 45 டாலர் கூட. க்ளெய்ம் பண்ணினா முதல் 400 என் தலையில.

எதுக்கெல்லாம் கிடையாதுன்னும் படிச்சுட்டேன். பூச்சி அரிச்சா இல்லை. காத்துல ஈரம் ஏறி இறங்கி மரம் கொஞ்சம் கொஞ்சமா விரிஞ்சா இல்லை. மெழுகு இளகி மெட்டு நகர்ந்தா இல்லவே இல்லை, அது தேய்மானமாம். காசு வாங்கிட்டு வாசிச்சாலோ சொல்லிக்கொடுத்தாலோ வேற பாலிசி. அந்தக் கடைசிக் கவலை எனக்குக் கிடையாது, என் மாயாமாளவகௌளையைக் கேட்டா அவங்கதான் காசு கேப்பாங்க :-)

எல்லாம் முடிஞ்சுது. ஒண்ணுதான் மிச்சம். மாமிகிட்ட என்ன சொல்றது? நிலத்தை ஒத்தி வெச்சு ஏகாந்த வீணை வாங்கிக் கொடுத்த அப்பா. நான் ஒட்டுன்னு சொன்னா, கடைக்காரன் ஏமாத்தினானா, இல்லை அப்பாவே பொண்ணு சந்தோஷத்துக்கு ஏகாந்தம்னு சொல்லிட்டாரான்னு இந்த வயசுல உட்கார்ந்து யோசிக்கணுமா அவங்க? சொல்ல வேண்டாம்னு முடிவே பண்ணிட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை மெல்போர்ன்லேருந்து போன்.

"என்னடா கண்ணா, இன்சூரன்ஸ் போட்டுட்டியோ?"

"போட்டுட்டேன் மாமி. 2,800 டாலர்."

"அடேயப்பா! ஏகாந்த வீணைன்னு சொன்னியோ?"

வாயில பொய் வந்து நின்னுச்சு. வரலை.

"ஒட்டுன்னு ஆசாரி சொன்னார் மாமி. ரேகையைப் பார்த்துச் சொன்னார்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. குழந்தை ஒண்ணு கார்ட்டூன் பார்க்கிறது கேட்டுது. லைன் கட்டாயிடுச்சோன்னு ஹலோ சொல்லப் போனேன்.

"யாளி மூக்குல ஒரு சில்லு பேந்திருக்குமே, என் பிள்ளை மூணு வயசுல ஸ்பூனால அடிச்சது. அதையும் எழுதிக் குடுத்துட்டியா?"

"போட்டோவே எடுத்துக் குடுத்துட்டேன் மாமி."

"சரி. சாரணித் தந்தி துரு ஏறியிருக்கும், இந்த வாரமே மாத்திடு. பழசைத் தூக்கிப் போடாதே, என்கிட்ட அனுப்பு"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டாங்க.

பி.கு: வர்ற வாரம் பரீட்சை, டைரி வராது. ஆக்லாந்துலயோ பக்கத்துலயோ வீணைக்கு மேளம் கட்டத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. பதினோராவது மெட்டு கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு.